கேள்வி – பதில்: கோட்டையை விட்டு வந்த குதிரைக்காரன்

கே: தேசிங்கு ராஜா நிஜமாகவே இருந்தாரா, பாட்டுக்காரர்கள் கட்டிவிட்ட ஆளா? (மயிலம் வாசகர்)

ப: இருந்தான். பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரன். தேசிங்கு ஆக்கியது நம் நாக்கு. செஞ்சியில் அவன் அதிகாரம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இறந்தபோது வயது 22.

கே: வடக்கத்திப் பையனுக்குச் செஞ்சியில் என்ன வேலை? (ஆரணி வாசகர்)

ப: அப்பா பார்த்த வேலை. மராத்தியரிடமிருந்து மொகலாயர் பிடித்த செஞ்சி, பிறகு அப்பா சொரூப் சிங்கின் பொறுப்பில் வந்தது. அவர் இறந்ததும் மகனுக்குக் கோட்டையும் வந்தது, கப்ப பாக்கியும் வந்தது. அவுரங்கசீப் கொடுத்த பட்டயம் இருக்கிறதே என்றான் மகன். கொடுத்தவர் செத்து ஏழு வருஷம் ஆகிறது, புது பாதுஷா உறுதி செய்தாரா என்றார் நவாப். தாத்தா பேரிலேயே பட்டாவை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடப்பவர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகவே புரியும்.

கே: அவ்வளவு பெரிய கோட்டை இருக்க, வெளியே வந்து ஏன் சண்டை போட வேண்டும்? (திண்டிவனம் வாசகர்)

ப: நானும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் மூச்சு வாங்க உட்கார்ந்து இதையேதான் யோசித்தேன். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே புகுந்துகொண்டபோது, 1690இல் முற்றுகை போட்ட மொகலாயத் தளபதி சுல்பிகார் கானுக்குக் கோட்டை கிடைத்தது 1698இல்தான். அப்பா கைக்குக் கோட்டை வந்த கதை மகனுக்குத் தெரியாமலா இருக்கும்? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நவாபை நாள்கணக்கில் காயப்போட்டிருக்கலாம். அவனோ வெள்ளம் போகிற ஆற்றில் குதிரையை இறக்கி, சில நூறு பேரோடு பெரும்படைக்குள் பாய்ந்தான். துப்பாக்கிக் குண்டு கதையை முடித்தது.

என் கணிப்பு இது: குதிரைமேல் வளர்ந்தவனுக்கு மலைக்கோட்டை ஒரு ஜெயில். ராஜகிரிப் படிக்கட்டில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகாது. தைரியத்துக்கு நூற்றுக்கு நூறு போடுவேன். யோசனைக்கு பாஸ் மார்க் போட மனசு வரவில்லை.

கே: குதிரை நீலவேணி அவனோடு இறந்ததா? (விழுப்புரம் வாசகர்)

ப: முதலில் ஒரு திருத்தம். கதைப்பாடலில் தேசிங்கின் குதிரை பாராசாரி. நீலவேணி, அவன் உயிர்த்தோழன் மகபத் கானின் குதிரை. கல்யாண மாலையோடு இருந்த மகபத் கான், சேதி கேட்டதும் பாதியில் எழுந்து வந்து உயிர்விட்டான் என்கிறது பாட்டு. இந்து ராஜா, முஸ்லிம் தோழன், எதிரே முஸ்லிம் நவாப்: இதில் மதச்சண்டை தேடுகிறவர்களுக்குத் தலை சுற்றும்.

கே: எம்.ஜி.ஆர். நடித்த படத்தைப் பார்த்தால் போதுமா? (சேலம் வாசகர்)

ப: 1960இல் வந்தது. 22 வயதுப் பையனாக 43 வயது எம்.ஜி.ஆர். பார்க்கலாம், பரீட்சையில் எழுதாதீர்கள்.

கே: மனைவி என்ன ஆனாள்? (வாலாஜா வாசகி)

ப: உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் உண்டாக்கியதுதான் உங்கள் பக்கத்து ஊர் ராணிப்பேட்டை என்பார்கள். நவாபின் பெருந்தன்மையைப் புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நெருப்புதான் கண்ணில் நிற்கிறது.

கே: செஞ்சிக்குப் போனால் தேசிங்கை எங்கே பார்ப்பது? (சென்னை வாசகர்)

ப: 2025இல் யுனெஸ்கோ செஞ்சியை மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் சேர்த்தது, ஆகவே பட்டியலில் தேடாதீர்கள். செட்டிகுளம் கரைக்குப் போங்கள். அவனை எரித்த இடம் என்று உள்ளூர்க்காரர்கள் காட்டுவார்கள். மலையேறுவதாக இருந்தால் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். கையில் தின்பண்டம் வேண்டாம், அங்கே இப்போது குரங்குகள் ராஜ்யம்.