உச்சி பைட்டுப் புறம்போக்கு

ஏஆர்எம் 64 பிட் பிராசஸர் நினைவக முகவரியின் உச்சி பைட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி கொண்டது. காலி இடம்தானே என்று 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, நினைவகம் ஒதுக்கும் மல்லாக் தரும் பாயிண்டர்களில் அங்கே ஒரு குறியை வைத்தது. நினைவகத்தை விடுவிக்கும்போது குறியைக் காணோமென்றால் ஆப்பை அங்கேயே நிறுத்தியது. வன்பொருளே கவலைப்படாததற்கு, பாயிண்டர் சி-யிலிருந்து ஜாவாவுக்குப் போய்க் குறி கலையாமல் திரும்புகிறதா என்று சோதனை எதற்கு என்பார்கள். பிராசஸர் பெருந்தன்மையானதுதான்; நம் புரோகிராம்கள் அப்படியா? குறியோடு ஜாவாவின் லாங்கில் இறங்கியதும் அந்த முகவரி எதிர்ம எண்ணாகிவிடும். ‘சுழியத்தைவிடப் பெரிதா?’ என்று காவல் நிற்கும் ஒற்றை வரி, நல்ல பாயிண்டரை வாசலிலேயே விரட்டிவிடும். போதாததற்கு, சில மொழி இயந்திரங்கள் அந்தப் புறம்போக்கில் ஏற்கெனவே குடிசை போட்டிருந்தன. சோதிக்கச் சோம்பல்படுவோருக்கும் கூகுள் வழி வைத்தது: ஆப்பின் மேனிஃபெஸ்டில் ஒரு வரி எழுதினால் குறியே வராது, அது தரும் பாதுகாப்பும்தான்.