வாஷர் ஜல விசாரம்

மோட்டார் வாகன சாஸ்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் யாவரும் எஞ்சினின் கம்பீரத்தையும், கியர்ப்பெட்டியின் சூட்சுமத்தையும், பிரேக்கின் தர்மத்தையும் பக்கம் பக்கமாக விஸ்தரித்துவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஒரு மூலையில், இரண்டு மூன்று லிட்டர் நீரை வயிற்றில் ஏந்திக்கொண்டு, விசாரிப்பார் ஒருவருமின்றிக் கிடக்கும், முன்கண்ணாடியைக் கழுவும் வாஷரின் அந்தச் சிறு பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறார்கள். அக்குறையை நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம். எஞ்சின் முதல் இருக்கை வரை சகலமும் கணிப்பொறியோடு காத்திருக்கும் சர்வீஸ் நிலையத்தாரின் ஆளுகைக்குப் போய்விட்ட இக்காலத்தில், காருக்குச் சொந்தக்காரன் தன் கையாலேயே செய்து திருப்தியடையத்தக்க கைங்கரியம் என்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய இத்தொட்டியை நிரப்புவதொன்றே. அதையும் அவன் செய்வதில்லை என்பதுதான் ஆராய்ச்சிக்குரிய விந்தை.

முதலில் சரித்திரம். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் மாது, நியூயார்க் நகரில் பனிக்காலத்தில் டிராமில் சென்றபோது, சாரல் கண்ணாடியை மறைப்பதால் ஓட்டுநர் ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்கியபடியே வண்டி செலுத்துவதைக் கண்டு இரங்கி, உள்ளேயிருந்து கைப்பிடியால் இயக்கத்தக்க துடைப்பான் ஒன்றை வகுத்து, 1903-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த அம்மையாரின் மேதையை வணங்குகிறேன். ஆயினும் அவர் மனத்தில் கொண்டிருந்தது, துடைக்கவேண்டிய மறைப்பும் துடைப்பதற்கான ஈரமும் ஒருங்கே வானத்திலிருந்து இறங்கும் ஒரு தேசத்தை. சென்னையிலோ, ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே கொட்டித் தீர்ந்துவிட, மற்ற மாதங்களில் கண்ணாடியின்மேல் வந்து குடியேறுபவை மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய தெருவின் புழுதியும், மணல் லாரி உதிர்த்துச் செல்லும் துகளும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புப் படலமும், வேப்பமர நிழலுக்கு ஆசைப்பட்டு வண்டியை நிறுத்தியதற்குக் காகங்கள் வழங்கும் பிரசாதமுமே. உலர்ந்த மண்ணின்மேல் வைப்பரை ஓட்டுவது கண்ணாடிக்கு உப்புத்தாள் போடுவதற்கு ஒப்பாகும். ஆகவே, வைப்பர் பிரதானம், வாஷர் அதற்கு உபாங்கம் என்று குளிர்நாட்டார் வகுத்த வரிசை நம் சீதோஷ்ணத்துக்குப் பொருந்தாது. இங்கே வாஷரே பிரதானம், வைப்பர் அதன் பரிவாரம் என்பது என் சித்தாந்தம்.

இனி, இத்தொட்டியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில் நம்மிடையே மதபேதங்கள் உண்டு. அனுஷ்டிப்போர் தொகையில் முதலாவதாக நிற்பது சூனியவாதம். தொட்டி காலியாக இருப்பதே அதன் இயல்பு நிலை என்று கொள்ளும் இம்மதத்தார், பெட்ரோல் பங்கில் ஒரு பையன் கிழிந்த துணியோடு வருவான் என்ற நம்பிக்கையிலேயே காலம் தள்ளுவார்கள். அவன் வராத நெடுஞ்சாலையிலும், விளக்கைத் தேடிவந்த ஈசல் கூட்டம் கண்ணாடியில் அப்பிக்கொண்ட இரவிலும், குடிநீர்ப் பாட்டிலை ஜன்னல் வழியே நீட்டிக் கண்ணாடிக்கு அபிஷேகம் செய்து, பாதி நீரைத் தம் சட்டைக் கையிலேயே வாங்கிக்கொள்வார்கள். இவர்கள் மறந்துவிடுகிற தத்துவம் ஒன்று உண்டு. தொட்டியின் அடியில் செருகியிருக்கும் சிறு மோட்டார் பம்பு, தான் இறைக்கும் நீராலேயே தன் சூட்டையும் தேய்மானத்தையும் தணித்துக்கொள்வது. ஆதலால், இன்றாவது வராதா என்று ஸ்டியரிங்கின் பக்கத்துக் காம்பை வெறும் தொட்டியோடு இழுத்து இழுத்துப் பார்ப்போருக்கு, முதலில் ஒரு முனகலும், சிலகாலம் கழித்துப் பூரண மௌனமும் சித்திக்கும்.

அடுத்தது சுத்த ஜலவாதம். கேட்பதற்கு இது சாத்விகமாகத் தோன்றினாலும், எந்த ஜலம் என்று விசாரித்தால் வாதம் தடுமாறும். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, கண்ணாடியில் வெள்ளைக் கோலம் இடுவதோடு, ஊசிமுனையளவேயான நாசில் துவாரத்தில் படிந்து படிந்து அதை அடைத்தும் விடும். பிறகு அதைக் குண்டூசியால் குத்தித் திறக்கவேண்டிய சிரமம் நேரும். ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித்தள்ளும் கழிவு நீரைச் சிக்கனம் கருதி ஊற்றுவோர், அதில் உப்பு பெருகியிருப்பதைச் சற்று யோசிப்பார்களாக. இதற்கு மாற்றாக, வீட்டு ஏ.சி.யின் பின்குழாயில் சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியதேயாகையால் உப்பின்றி மிருதுவாக இருப்பது. அதைத் துணியில் வடிகட்டி ஊற்றுவோரை இம்மதத்தின் உத்தம பிரிவினர் என்பேன்.

எனினும் ஜலவாதிகளை எச்சரிக்கவேண்டிய ஒரு செய்தி பிரிட்டனிலிருந்து வந்திருக்கிறது. 1976-ல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாடு ஒன்றுக்கு வந்தோரைத் தாக்கியதால் பெயர்பெற்ற லீஜியனெல்லா என்னும் கிருமி, நுண்ணிய நீர்த்துளிகளோடு சுவாசத்தில் புகுந்து நுரையீரலைப் பற்றுவது. அது எங்கெல்லாம் வசிக்கிறது என்று தேடிய பிரிட்டன் அரசின் சுகாதார ஆய்வாளர்கள், வெறும் தண்ணீர் ஊற்றிய கார்களில் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் வாஷர் தொட்டியிலேயே அதன் சுவடு இருந்ததாகவும், சுத்திகரிப்புத் திரவம் கலந்த கார்களில் அது தென்படவில்லை என்றும் 2010-ல் அறிவித்தார்கள். எஞ்சினின் வெப்பத்தில் வெதுவெதுப்பாகத் தேங்கிநிற்கும் பச்சைத் தண்ணீர் நமக்கு வேண்டுமானால் சாத்விகம். கிருமிக்கு அது சத்திரம்.

மூன்றாவது மதத்தார், ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தொட்டியில் பிழிவோர். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டச்செய்த முன்னோடியாகப் போற்றப்படுபவர் கடலூர் சின்னி கிருஷ்ணன் என்பதால், இதைத் தமிழ்நாட்டின் சொந்த தரிசனம் என்று பெருமை கொள்ள இடமிருக்கிறது. ஆனால், கூந்தலைப் பளபளக்கச் செய்யும் பொருட்டு ஷாம்புகளில் சேர்க்கும் சிலிக்கோன், கண்ணாடியிலும் அதே பளபளப்பை விட்டுச்செல்ல, இரவில் எதிர் லாரியின் ஹைபீம் அப்படலத்தில் பரவிச் சாலையை விழுங்கிவிடும். சிகைக்கு ஆகும் சிங்காரம் சாரதியின் பார்வைக்கு ஆகாது.

எஞ்சிய மதத்தார் கடையில் விற்கும் திரவத்தை வாங்கி, லேபிளில் கண்ட அளவுப்படி நீரில் கலப்பவர்கள். இவர்களோடு எனக்கு வழக்கில்லை. குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்க மெத்தனால் கலப்பதும், அதைச் சிலர் மதுவாகவே குடித்து மாண்டதால் ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் அதன் அளவை 2019 முதல் 0.6 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதும் நம் மீனம்பாக்கத்து வெயிலுக்குச் சம்பந்தமற்ற விவகாரங்கள்.

நிரப்பும் விதி சுருக்கமானது. பானெட்டுக்குள் மூடிகள் பல. கண்ணாடியும் நீரூற்றும் பொறித்த மூடியே நமக்குரியது. அதன் அண்டையிலேயே கூலண்ட் தொட்டியும் இருக்கக்கூடுமாதலால், சோப்பு நீரை அங்கே ஊற்றிவிட்டால் கைங்கரியம் மெக்கானிக்கிடம் போய் முடியும்.

வாஷரின் நீதி சாஸ்திரத்தை முன்னோர் எவரும் தொடவில்லை. ஓடும் காரில் பீய்ச்சிய நீரில் ஒரு பகுதி காற்றோடு கூரையைத் தாண்டிப் பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரரின் முகத்தில் இறங்குவது அன்றாட நிகழ்ச்சி. இதில் தோஷம் யாருக்கு? நாசில் மேல்நோக்கித் திரும்பியிருந்தால் அதைக் குண்டூசியால் தாழ்த்தாத சொந்தக்காரனுக்கு என்றும், நாசில் நேராக இருந்தும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் ஸ்கூட்டர்க்காரருக்கு என்றும், சிவப்பு விளக்கில் நிற்கும்போது பிரயோகித்தால் எவருக்கும் இல்லை என்றும் நான் தீர்மானிக்கிறேன்.

ஒரே தொட்டியிலிருந்து நீண்ட குழாய் வழியே பின்கண்ணாடிக்கும் நீர் செல்லும் ஏற்பாடு சில கார்களில் உண்டு. அதைப் பற்றிய ஆராய்ச்சியைப் பின்னால் வருவோருக்கு விட்டுவிடுகிறேன்.