லெம்பாஸ் பாக நிர்ணயம்

உண்டு பார்த்தாலன்றி ஒரு பதார்த்தத்தின் லட்சணம் புலப்படாது என்பது பாகசாஸ்திரம் அறிந்தோர் யாவரும் ஒப்பும் பொதுவிதியாயிருக்க, எவரும் உண்டிராததும், காகிதத்தின்மேல் மையால் மட்டுமே சமைக்கப்பட்டதுமான ஒரு பண்டத்தைப் படித்த மாத்திரத்தில் நாவூறி, அதை எவ்வாறேனும் தன் வீட்டு அடுப்பில் பிரத்தியட்சமாக்கிவிட வேண்டுமென்று புறப்படுகிற மனிதனைப் பற்றி நம் பண்டிதர்கள் இதுகாறும் மௌனம் சாதித்து வந்திருப்பது வியப்புக்குரியது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் விளைந்த சேதத்துக்குச் சாஸ்திரோக்தமான சமாதானம் தேடுவதும் நோக்கத்தில் சரிபாதி.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பண்டம் லெம்பாஸ். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் புராதன ஆங்கிலம் போதித்த ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் மகாகதையில், லோத்லோரியன் வனத்திலிருந்து படகேறும் எண்மருக்கு எல்ஃப் இனத்தார் கட்டிக்கொடுக்கிற கட்டுச்சோறு இது. மெல்லிய அடை வடிவம். வெளியே இளம்பழுப்பு, உள்ளே பாலாடை நிறம். இலையில் பொதிந்து, உடைக்காமல் வைத்திருந்தால் பலநாள் கெடாது. ஒன்றைத் தின்றால், ஆஜானுபாகுவான மனிதனும் நாள்முழுதும் உழைக்கலாம். கிம்லி என்னும் குள்ளன் இதைத் தன் நாட்டுப்பக்கத்துக் ‘கிராம்’ என்ற வறட்டு ரொட்டி என்று எண்ணி ஏளனமாக ஒரு விள்ளல் விண்டு வாயிலிட்டு, பிறகு மிச்சத்தையும் ஆசையோடு தின்றுவிட, ஒரு நெடுநாள் நடைக்கானதை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டாய் என்று எல்ஃபுகள் சிரித்தார்கள்.

இவ்வளவு சொன்ன கிரந்தகர்த்தா, என்ன மாவு, எவ்வளவு நெய், எத்தனை நாழிகை என்பதை மட்டும் சொல்லாது விட்டார். நிறம் சொன்னார், குணம் சொன்னார், பத்தியம்கூடச் சொன்னார், பக்குவம் சொல்லவில்லை. கல்யாண வீட்டுச் சமையற்காரர்களிடம் ரசப்பொடியின் அளவு கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சப்தப் பிரமாணம் கைவிட்ட இடத்தில் அனுமானத்தை நாடவேண்டியதாயிற்று. லெம்பாஸில் தேன் சேர்க்கவேண்டும் என்பது பூர்வபட்சம். என் மனைவி இக்கட்சியைச் சேர்ந்தவள். கிம்லி அதைப் பியோர்னிங்குகள் என்னும் இனத்தாரின் தேனடையோடு ஒப்பிட்டுப் பேசுவதே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அவன் சொன்னது தேனடையைக் காட்டிலும் இது மேல் என்பதே. பாலைவிட இளநீர் இனிது என்று ஒருவன் சொன்னால் இளநீரில் பால் கலந்திருக்கிறது என்றா கொள்வது? ஆகவே தேன் கூடாது என்பது சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தின் பலனைப் பின்னால் அனுபவிக்க நேர்ந்தது.

ஆசிரியர் மறைந்த பிறகு அவருடைய குமாரர் கிறிஸ்டபர் டோல்கீன் அச்சேற்றிய பன்னிரு தொகுதிகளில், 1996இல் வந்த கடைசித் தொகுதியில், லெம்பாஸைப் பற்றியே ஒரு சிறு வியாசம் அகப்படுகிறது. அதன்படி, இதற்குரிய தானியம் மேற்கே தேவர்கள் வாழும் நிலத்திலிருந்து வந்தது. அதன் கதிரை உலோக ஆயுதம் படாமல் கையாலேயே கொய்யவேண்டும். அதன் தாளில் முடைந்த கூடையைப் புழுவும் கொறிக்கும் பிராணியும் தீண்டா. இந்த ரொட்டியைச் செய்யும் அதிகாரம் ஸ்திரீகளுக்கு மட்டுமே உண்டு. இவற்றுள் தேவதானியத்துக்கு மளிகைக்கடைக் கோதுமையைப் பிரதிநிதியாக வைத்துக்கொண்டோம். உலோக விலக்கு மிக்ஸியின் கத்திக்கும் பொருந்தும் என்று வியாக்கியானம் செய்து, பரணில் கிடந்த கல் திரிகையை இறக்கினேன். இறக்கும்போது அது ஒரு தரை ஓட்டை உடைத்ததை இங்கே விஸ்தரிக்க அவசியமில்லை. கடைசி விதிதான் சங்கடமாயிற்று. சாஸ்திரப்படி மாவு பிசைய வேண்டியவள் நீதான் என்று மனைவியிடம் தொகுதியைப் பிரித்துக் காட்டினேன். “படிச்சது நீங்க, பிசையறதும் நீங்களே” என்ற மறுமொழி வந்தது. ஆபத்துக்குத் தோஷமில்லை என்னும் நியாயத்தால் நானே பிசைந்தேன்.

இனி இலை. மூலத்தில் அது மல்லோர்ன் மரத்தின் இலை. இலையுதிர்காலத்தில் உதிராமல் பொன்னிறமாகி, வசந்தம்வரை கிளையிலேயே நிற்பது. நம் ஊரில் அதற்கு ஈடு எது என்ற கேள்விக்கு நான் கண்ட விடையைச் சொல்லதிகாரத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாகவே கருதுகிறேன். லெம்பாஸுக்கு ஆசிரியர் தந்த ஆங்கிலப் பெயர் ‘வேபிரெட்’, அதாவது வழிரொட்டி. இளமையில் ஆக்ஸ்போர்டு அகராதிக்காக டபிள்யூ எழுத்துச் சொற்களோடு மல்லுக்கட்டியவர் அவர் என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். வேபிரெட் என்பது ஆங்கிலத்தில் ஏற்கெனவே வழங்கிய சொல். பாதையோரத்தில் முளைக்கும் ஒரு மூலிகைக்குப் பழைய பெயர். அம்மூலிகைக்கு இன்றைய பெயர் ‘பிளாண்டெய்ன்’. பிளாண்டெய்ன் என்றால் வாழைக்காய் என்பதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். எனவே வழிரொட்டியைப் பொதியத் தக்கது வாழை. பொன்னிறம் வேண்டுமென்பதால் வாழைச்சருகு. மூலிகையின் பெயர் பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, வாழையின் பெயர் ஸ்பானிய மொழி வழியாக வந்தது, இரண்டுக்கும் உறவில்லை என்று நிகண்டுகள் ஆட்சேபிக்கும். நிகண்டுகளுக்குச் சமையற்கட்டில் அதிகாரம் கிடையாது.

செய்முறையை நெடிது விரிக்கவில்லை. இரண்டு ஆழாக்கு மாவு, எலுமிச்சையளவு வெண்ணெய், காய்ச்சிய பால், ஒரு சிட்டிகை உப்பு. கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றிய குக்கரில் மணல் பரப்பி, மேலே தட்டு வைத்து வேகவிட்டேன். முதல் ஈட்டில் வந்தது லெம்பாஸ் அன்று, கிராம். பல்லுக்குத் தேகப்பயிற்சி என்பதன்றி அதற்கு வேறு பெருமையில்லை என்று 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ கூறுவதை எங்கள் வீட்டில் அனைவரும் ஏகமனதாக அங்கீகரித்தனர். இரண்டாம் ஈடு வெளியே இளம்பழுப்பாகவும் உள்ளே பாலாடை நிறமாகவும் வந்தது. நான் ஆனந்தபாஷ்பம் சொரிய நின்ற அத்தருணத்தில் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்:

“தொட்டுக்க என்ன?”

இக்கேள்வியை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. வேறு உணவோடு கலவாமல் அதை மட்டுமே நம்பி உண்போருக்கே லெம்பாஸின் வீரியம் வளரும் என்பது மூன்றாம் பாகத்தில் தெளிவாகச் சொல்லப்பட்ட பத்தியம். கதாநாயகர்களான ஃபுரோடோவும் சாமும் மொர்டோர் என்னும் நாட்டின் சாம்பல்வெளியைக் கடந்தது இந்தப் பத்தியத்தின் பலத்தால்தான். அப்போதும் சாமின் மனம் சாதாரண ரொட்டியையும் இறைச்சியையும் நினைத்து ஏங்கியது. தொட்டுக்கொள்ள ஒன்றில்லாமல் அமிர்தத்தையும் இலையில் ஏற்காத நம் ஜனங்களிடையே இப்பத்தியம் செல்லுமா? என் கண்ணெதிரிலேயே மைத்துனன் லெம்பாஸைப் பூண்டு ஊறுகாயில் தோய்த்தான்.

ஆகவே பத்தியத்தைக் காத்து, வீட்டுக்கு வெளியே பரீட்சிப்பதென்று தீர்மானித்து, பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் புறப்பட்டேன். காலை முதல் ஆகாரமில்லை; சருகில் பொதிந்த ஒரே அடை மடியில். அக்கினி லிங்கத்தருகே அதை உண்டேன். யமலிங்கம்வரை சங்கல்பம் திடமாகவே இருந்தது. நிருதி லிங்கத்தைத் தாண்டியதும், அன்னதானம் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், “சாமி, பிரசாதம்” என்று தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலை என் கையில் வைத்துவிட்டார். மறுப்பது எப்படி? டோல்கீன் பரம கத்தோலிக்கர். அவர் மதத்தில் மரணப்படுக்கையில் இருப்பவருக்கு வழித்துணையாகக் கொடுக்கும் திவ்விய அப்பத்தின் சாயல் லெம்பாஸில் உண்டென்று வாசகர் ஒருவர் குறிப்பிட்டதை அவரே தம் கடிதமொன்றில் மறுக்காமல் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு பிரசாதத்தின் பொருட்டு இன்னொரு பிரசாதத்தைத் தள்ளுவது எந்த மதத்துக்கும் அடுக்காது. பொங்கலுக்குப் பின் சுண்டல், சுண்டலுக்குப் பின் சாம்பார் சாதம். நடையைக் களைப்பின்றி முடித்தேன் என்பது மெய்யே. அந்தப் பலனை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதுதான் நிர்ணயமாகவில்லை.

மிஞ்சிய ஐந்து அடைகள் சருகோடு ஒரு தகர டப்பாவில், மூடி சரியாகப் பொருந்தாமல், பத்து நாளாக அலமாரியில் இருக்கின்றன. பக்கத்திலிருக்கும் வெல்லப் பாத்திரத்துக்குப் போகும் எறும்புச்சாரி டப்பாவின் விளிம்புவரை வந்து, ஒரு கணம் நின்று, ஒதுங்கிப் போகிறது. கொல்லம் என்னும் இழிபிறவி லெம்பாஸைத் தின்னமாட்டாமல் புழுதி என்றும் சாம்பல் என்றும் துப்பியதைக் கொண்டு எறும்புகளை அவன் வம்சத்தில் சேர்க்கலாமா என்று முதலில் யோசித்தேன். பிறகு 1996ஆம் வருஷத்துத் தொகுதி ஞாபகம் வந்தது. புழுவும் பூச்சியும் தீண்டாமை தேவதானியத்தின் லட்சணமல்லவா? ஆதலால் நான் சுட்டது மெய்யான லெம்பாஸே என்று மனைவியிடம் அறிவித்தேன்.

சர்க்கரை போடவில்லை, அதனால்தான் என்கிறாள் அவள்.