ஐந்நூற்றொன்றாம் யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயாக இருந்தது; 501 ஆனால் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை அப்போது 233 ரூபாய். காஞ்சிபுரம் பட்டின் அசல் சரிகைக்கே கிட்டாத மரியாதை!

ஆகவே காஞ்சிபுரத்துக் குடும்பங்கள் சிக்கனத்தை முறையாகப் பயில வேண்டும். ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் மின்விசிறிக்கு ஓய்வு. மாலை முழுவதும் ஏகாம்பரநாதர் கோயில் மண்டபம். கருங்கல்லின் குளிர்ச்சிக்கு மீட்டர் கிடையாது, பக்தியும் பெருகும். ஏசி கேட்கும் பிள்ளைகளுக்கு அத்தி வரதரைக் காட்டலாம்: அனந்தசரஸ் குளத்தடியில் 40 ஆண்டு இருந்தவர், 2019-இல் வெளியே வந்து புழுக்கத்தைத் தாங்கியது 48 நாள்தான்.

இவை எல்லாவற்றையும் விஞ்சும் சாதனம் கைத்தறி. 2023 முதல் கைத்தறி நெசவாளருக்கு 300 யூனிட் இலவசம். காலால் மிதித்து, கையால் நாடா எறிந்து நெய்யும் குழித்தறிக்கு வேண்டிய மின்சாரமோ பூஜ்யம். டிவியை நகர்த்திவிட்டு, கூடத்தில் குழி வெட்ட நல்ல நாள் பார்க்க வேண்டியதுதான்.