சனி பிடித்த ஸ்கூட்டர்

என் ஸ்கூட்டருக்கு 2006 என்று நம்பர் விழுந்த அன்று மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. "கூட்டினா எட்டு வருதே மாப்ளே, சனியாச்சே!" என்றார். சகலை ஃபேன்ஸி நம்பருக்குத் தனியாகப் பணம் கட்டி 9999 வாங்கியவர். கூட்டினால் 36, அதையும் கூட்டினால் 9. அவர் கார் வந்தபோது ஆரத்தி எடுத்தார்கள். என் ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் மட்டும், அதுவும் ஒரே ஒரு சக்கரத்துக்கு.

இந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் எனக்கு 6174 அறிமுகமானது. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேகர் கண்டெடுத்த எண். 1949இல் மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில் அவர் இதை அறிவித்தார். ஆனால் 1975இல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. வழக்கம்தானே.

ஏதாவது ஒரு நாலு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாலும் ஒரே இலக்கமாக இருந்தால் மட்டும் ஆகாது. இலக்கங்களைப் பெரிசிலிருந்து சிறிசாக ஒருமுறை, சிறிசிலிருந்து பெரிசாக ஒருமுறை அடுக்கி, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழியுங்கள். வந்த விடையையும் அப்படியே அடுக்கிக் கழியுங்கள். ஏழு கழித்தலுக்குள் 6174இல் வந்து நிற்பீர்கள். அப்புறம் 7641இலிருந்து 1467 போனால் மறுபடியும் 6174. சோபாவில் உட்கார்ந்துவிட்ட ஊர்க்காரர் மாதிரி, அங்கிருந்து நகராது.

அன்றிலிருந்து சிக்னலில் நிற்கும் வண்டிகளெல்லாம் எனக்குக் கணக்கு நோட்டு. ஒருநாள் முன்னால் நின்ற காரின் நம்பர் 2005. 5200இலிருந்து 25 போனால் 5175. அடுத்து 5994. அடுத்து 5355. கடன் வாங்கிக் கழிப்பதில் நான் அந்தக் காலத்திலிருந்தே மோசம். 1998ஐப் பிடித்தபோது முன்னால் இருந்த காரையே காணோம். "சார், பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு!" என்றார் பின்னால் ஆட்டோக்காரர். 8082, 8532 இரண்டையும் ஓரமாக நிறுத்தித்தான் முடித்தேன். ஏழாவது படியில் 6174. அந்த நம்பருக்கு முழு ஏழும் தேவைப்படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் என் வண்டியைக் கணக்குப் போட்டேன். 6200இலிருந்து 26 போனால், ஒரே கழித்தலில் 6174! ஓடிப்போய் மாமனாரிடம் காட்டினேன். அவர் கப்ரேகரை விட்டுவிட்டு விடையைக் கூட்டினார். "ஆறும் ஒண்ணும் ஏழு, ஏழும் ஏழும் பதினாலு, நாலு சேர்ந்தா பதினெட்டு... ஒன்பது மாப்ளே!" முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இப்படி அடுக்கிக் கழித்தால் எந்த எண்ணும் ஒன்பதால் வகுபடும் விடையைத்தான் தரும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒற்றை எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

உற்சாகம் தாங்காமல் அவரே பென்சிலை வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கம் சின்ன மாப்பிள்ளையின் 9999ஐ எழுதினார். பெரிசிலிருந்து சிறிசு, 9999. சிறிசிலிருந்து பெரிசு, அதுவும் 9999. கழித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கழித்தார். அப்புறம் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரிய வேணாம் மாப்ளே. அந்தக் காருக்கு இன்னும் லோன் முடியல."