ஒளித்து ரசிக்கும் படம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கிலாந்தில் மழை, குளிர், வாடகை மூன்றும் வழக்கம்போல. இந்த ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாதவரிடமும் வானிலை பற்றிக் கால் மணி நேரம் பேசுவார்கள். மாயாஜாலப் படம் பிடிக்கும் என்பதை மட்டும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். அதற்கு 'கில்ட்டி பிளஷர்' என்று பெயர். சர்க்கரை வியாதிக்காரர் நடுராத்திரியில் மைசூர்பாகு டப்பாவைத் திறக்கும் சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1987-இல் ராப் ரெய்னர் எடுத்த 'தி பிரின்சஸ் பிரைட்' அந்த ஜாதி. இளவரசனுக்கு நிச்சயமான காதலியை மீட்க ஒரு கறுப்பு முகமூடிக்காரன் கிளம்புகிறான். வாள்வீரன், ராட்சதன், விஷக் கோப்பை, பன்றி பருமனில் எலி எல்லாம் உண்டு. நம் 'பாதாள பைரவி'க்கு ஒன்றுவிட்ட தம்பி. இதை ரசிக்க வெட்கம் எதற்கு என்பதுதான் என் கட்சி.

கதை வசனம் வில்லியம் கோல்ட்மேன், 1973-இல் தானே எழுதிய நாவலிலிருந்து. வாட்டர்கேட் ஊழலைச் சொன்ன 'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்' திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியவரும் இவர்தான். அந்தப் படத்தைப் பார்த்ததை யாரும் ரகசியமாகச் சொல்வதில்லை; ஆனால் இரண்டையும் எழுதிய பேனா ஒன்றுதான். பாறை உச்சியில் நடக்கும் வாள்சண்டையைப் பாருங்கள். முகமூடிக்காரன், வாள்வீரன் இருவரும் இடது கையால் வாள் சுழற்றுகிறார்கள். தோற்கும் நிலைக்கு வந்த வாள்வீரன் சிரித்தபடி, தான் இடதுகைக்காரனே இல்லை என்று சொல்லி வாளைக் கைமாற்றுகிறான். கொஞ்ச நேரத்தில் முகமூடிக்காரனும் அதையே சொல்லி மாற்றுகிறான். நடுநடுவே ஒருவர் வித்தையை மற்றவர் மெச்சிக்கொள்வது வேறு! தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாதிரி. நடிகர்கள் கேரி எல்வெஸும் மாண்டி பட்டின்கினும் இரண்டு கையாலும் பயிற்சி எடுத்து, அநேகமாக டூப்பே இல்லாமல் செய்தது இது. விளையாட்டாகத் தெரிவதற்கு அவ்வளவு வேலை.

உழைப்பு சரி, சமாசாரம் சின்னப்பிள்ளைத்தனம்தானே என்பீர்கள். அதைப் படமே முதலில் கேட்டுவிடுகிறது. உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் பேரனுக்குத் தாத்தா புத்தகம் வாசிக்கிறார். முத்தம் வருகிற கதையா என்று பையன் முகம் சுளிக்கிறான். கடைசியில் முத்தக் காட்சியைத் தாண்டிவிடட்டுமா என்று தாத்தா கேட்டால், பரவாயில்லை, படியுங்கள் என்கிறான். வெட்கம் கழன்று விழுவதுதான் படமே. வாழ்க்கையை விட்டு ஓடுகிற படம் என்பதையும் ஏற்கமாட்டேன். அப்பாவைக் கொன்றவனை இருபது வருஷம் தேடிப் பழிதீர்த்த வாள்வீரன், இனி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். பழிவாங்கும் 'சீரியஸ்' படங்களில் பல அந்தக் கேள்விப் பக்கமே போவதில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இளவரசிக்குக் கடத்தப்படுவதும் காத்திருப்பதும் தவிர வேலை குறைவு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2016-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது. இருந்தாலும், அங்கே என்ன படம் பார்க்கிறான் என்று ஊரில் யாராவது கேட்டால், ஈரானியப் படம் என்றே சொல்லிவையுங்கள்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்