வாத்தியாரும் வாத்தியக்காரரும்

பண்ருட்டிச் சீமையில் பலாவுக்கும் முந்திரிக்கும் அடுத்தபடியாக இயற்கை தாராளமாக விளைவித்திருக்கும் வஸ்து அபிப்பிராயம் என்பதும், அபிப்பிராயங்களிலெல்லாம் கெட்டியானது கூத்தைப் பற்றிய அபிப்பிராயமே என்பதும், முத்தாண்டிக்குப்பத்துச் செம்மண்ணில் ஒரு வருஷமாவது குடியிருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நெய்வேலி நகரியத்தில் முப்பது வருஷ காலம் கோப்புகளோடு மாரடித்து ஓய்ந்து, இங்கே ஒரு முந்திரித் தோப்பின் ஓரமாக வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த என்னை, 'படித்தவர்' என்கிற ஒரே குற்றத்துக்காக, கூத்து நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடி எடுத்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் இவ்வூர் இளைஞர்கள் நியமித்தார்கள். சம்பளம் இல்லை, தேநீர் உண்டு.

அம்மன் திருவிழாவுக்குக் 'கர்ண மோட்சம்' ஆடுவதென்று தீர்மானமாயிற்று. வெளியூர் ஜமாவை அழைத்துப் பணம் கொடுத்து ஆடச் சொல்வது ஒரு வகை. ஊர்ப் பிள்ளைகளே ஒரு வாத்தியாரை அமர்த்திப் பழகி ஆடுவது மற்றொரு வகை. பின்னதில் செலவு அதிகம், பெருமையும் அதிகம். ஆனால் 1956ஆம் ஆண்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய நாள் முதலாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் பொழுதை நிர்ணயிக்கும் அதிகாரம் சூரியனிடமிருந்து ஷிப்டுக்குக் கைமாறிவிட்டபடியால், சூரிய புத்திரனாகிய கர்ணனுக்கே அதனால் சங்கடம் நேர்ந்தது. கர்ணனுக்கு இரவு ஷிப்டு. அர்ச்சுனனுக்குக் காலை ஷிப்டு. பதினேழாம் நாள் யுத்தத்தில் எதிரெதிரே நின்று பாணம் தொடுக்கவேண்டிய இருவரும் ஒரு மாத காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் கெஞ்சி, ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முழுதாகத் தோப்பில் உட்கார்ந்து பழகுவதென்று ஏற்பாடு செய்தார்கள். அந்த இரண்டு நாளில்தான் வாத்தியாரையும் வாத்தியக்காரர்களையும் கிட்டத்திலிருந்து தரிசிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வாத்தியார் ஒரு டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார். பின்னால் மத்தளக்காரரும், மத்தளக்காரர் மடியில் மத்தளமும், மத்தளத்தின்மேல் வாத்தியாருடைய துணிப்பையும், ஆக மூன்று அடுக்கு. வயது அறுபதுக்குமேல், உடம்பு முருங்கைக் கிளை போல. இந்த உடம்பா பீமசேனன் வேஷம் கட்டியது என்று பார்க்கிறவர் சந்தேகப்படுவார் என்று அவருக்கே தெரியும். ஆகையால் யாரும் கேட்பதற்கு முன்பாகவே, கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பலகையும் ஏறிவிட்டால் மனிதன் இரண்டு பங்காகிவிடுவான் என்று சொல்லிவிடுவார். பையிலிருந்து நான்கு பொருள்கள் வெளிப்பட்டன: வெற்றிலைப் பெட்டி, சலங்கை, ஒரு துண்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நோட்டு. அந்த நோட்டைத்தான் நான் ஏந்த வேண்டும். கடையில் விற்கும் பெரிய எழுத்துப் புத்தகத்தை நான் முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, மிகவும் மரியாதையாக, வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கூத்து வாத்தியார் எதையும் விளக்க மாட்டார். உலகத்து உபாத்தியாயர்களெல்லாம் 'இப்படிச் செய்' என்று தொடங்கினால், இவர் 'அப்படி இல்லை' என்று தொடங்குவார். மாணவன் காலைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார். தூக்கியபின் இன்னொருமுறை சொல்வார். திரைக்குப் பின்னாலிருந்து பாடி முடித்து, திரை விலகியதும் சுழன்று சுழன்று கிறிக்கி போட்டுக்கொண்டு களரிக்குள் வரவேண்டிய கர்ணன், இருபத்தாறு வயதுப் பையன், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் இருபது முறையாவது வந்துவிட்டான். இருபது முறையும் அது அப்படி இல்லை.

"வாத்தியாரே, எப்பிடின்னு ஒரு தடவை ஆடிக் காட்டுங்க" என்றான் பையன், மூச்சிரைக்க.

வாத்தியார் துண்டை இடுப்பில் கட்டினார், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார், ஆடினார். அந்த ஒரு நிமிஷத்தில் அறுபது வயதும் முருங்கைக் கிளையும் எங்கே போயின என்று தெரியவில்லை. முந்திரி இலைச் சருகு அவரைச் சுற்றி எழும்பிற்று. பையன் அதைப் பார்த்து அச்சாக அப்படியே ஆடினான். "அப்படி இல்லை" என்றார் வாத்தியார்.

"நீங்க இப்ப ஆடினதுதானே?"

"அது நான் ஆடினதுடா. கர்ணன் சூரியன் பெத்த புள்ள. நீ சித்திரை வெயில்ல செருப்பில்லாம நடக்கிறவன் மாதிரி துள்றியே!"

பொன்னுருவி விவகாரம் வேறு விதமானது. கர்ணனோடு வழக்காடும் அந்தப் பத்தினியின் வேஷம், லாரி ஓட்டும் ஓர் ஆஜானுபாகுவுக்கு வாய்த்திருந்தது. குரல் என்னமோ தேன். ஆனால் மீசையை எடுப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாக வாய்தா வாங்கிக்கொண்டே போனார். "கேட்டுட்டு வா. ஆனா பொன்னுருவி கர்ணனைத் திட்டுற பாட்டு இருக்கு பாரு, அது உங்க வீட்ல எப்பிடித் திட்டுவாங்களோ அப்பிடியே வரணும். அதையும் பாத்துக்கிட்டு வா" என்று அனுப்பினார் வாத்தியார். என்னுடைய அபிப்பிராயத்தில், அந்த இரண்டு நாளில் அவர் செய்த ஒரே நேரடியான போதனை அதுதான். அதற்குப் பலனும் கைமேல் கிடைத்தது.

வாத்தியாருக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக சங்கரதாஸ் சுவாமிகளிடத்தில் பக்தி. 1867இல் பிறந்து, நடிகராகப் புகுந்து, பின்பு பாட்டும் வசனமும் எழுதி மற்றவர்களை ஆட்டிவைக்கும் ஆசிரியராகி, 1922இல் இங்கே பக்கத்துப் புதுச்சேரியிலே காலமான அந்த மகான், மேடை நாடகக்காரர்களுக்குத்தான் ஆசான், தெருக்கூத்துக்கு அல்ல. அதை நான் ஜாடையாக எடுத்துச் சொன்னபோது, மேடை நாடகத்தைப் பற்றித் தமக்கும் நல்ல எண்ணம் இல்லை என்றும், ஆனால் 'வாத்தியார்' என்றால் அந்த ஒருவர்தான் என்றும், வாத்தியாராகப் பிறந்த எல்லாரும் அவருக்கு வாரிசு என்றும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

இனி மத்தளக்காரர். வாத்தியாருக்கு நேர்மாறாக, கனத்த சரீரம், கனத்த மௌனம். இருபது வருஷமாக இருவரும் ஒரே வண்டியில் போகிறார்கள். இருபது வருஷமாக ஒரே சண்டை. ஆடுகிறவன் காலைப் பார்த்து மத்தளம் போகவேண்டுமா, மத்தளத்தைக் கேட்டுக் கால் போகவேண்டுமா என்பதே வழக்கு. வாத்தியார் கட்சி முன்னது, மத்தளக்காரர் கட்சி பின்னது. தீர்ப்புச் சொல்லக் கூடியவன் ஆடுகிற பையன் ஒருவன்தான். அவனுக்கோ மூச்சு வாங்குகிறது.

வந்து உட்கார்ந்ததும் மத்தளக்காரர் வாய் திறந்து பேசியது ஒரே வாக்கியம்: "கொஞ்சம் ரவை வேணும்." மத்தளத்தின் இடந்தலை கும்மென்று பேசுவதற்கு நனைத்த ரவையை உருட்டி அதன் நடுவில் அப்பவேண்டும் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், என் சம்சாரத்துக்குத் தெரியாது. பெரிய மனுஷர் வெட்கத்தோடு ரவை கேட்டுவிட்டாரே என்று பரிதாபப்பட்டு, உள்ளே போய், முந்திரிப்பருப்பைத் தாராளமாகப் போட்டு, கால் மணி நேரத்தில் ஆவி பறக்கும் உப்புமாவைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். மத்தளக்காரர் தட்டைப் பார்த்தார், மத்தளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உப்புமாவைச் சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "கொஞ்சம் ரவை வேணும்" என்றார், அதே ஸ்தாயியில்.

முகவீணைக்காரரைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அவரே சுருக்கமானவர். ஒரு சாண் சொச்சம் நீளமுள்ள அந்தக் குழலின் சீவாளியை வாயில் வைத்தால் எடுக்கவே மாட்டார். கேள்வி கேட்டால் வாசித்தே பதில் சொல்வார். காப்பியா தேநீரா என்று நான் கேட்டதற்கு மேலே ஏறி இறங்கிய ஒரு சங்கதி வந்தது. தேநீர் என்று அர்த்தம் பண்ணிக் கொடுத்தேன். குடித்தார்.

பெட்டிக்காரர், அதாவது ஆர்மோனியக்காரர், இந்தச் சபையில் படித்த வர்க்கம். இந்தப் பெட்டி 1940ஆம் வருஷம் தொடங்கி முப்பது வருஷத்துக்குமேல் அகில இந்திய வானொலியில் நுழையக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த சரித்திரத்தை, சிறைக்குப் போய் வந்த தியாகியின் தோரணையில் எல்லாரிடமும் சொல்வார். துருத்தியில் ஓட்டை, அதன்மேல் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி. கூத்தில் எல்லாமே கட்டை. தலையிலும் தோளிலும் மார்பிலும் ஏறுகிற மர அணிகள் கட்டை. சுருதியும் கட்டைக் கணக்கு. ஆடி ஓய்ந்த வாத்தியார் தம் தேகத்தைக் குறிப்பிடுவதும் 'இந்தக் கட்டை' என்றே. ஆகவே, "வாத்தியாரே, இந்தக் கட்டை போதுமா?" என்று பெட்டிக்காரர் கேட்டதற்கு, "அஞ்சாறு வருஷம் தாங்கும்" என்று வாத்தியார் நெஞ்சைத் தடவிக்கொண்டு பதில் சொன்னதில் யார்மேல் குற்றம்?

சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப்பின் வழக்கு முற்றிவிட்டபடியால், சமாதானம் செய்கிற உத்தேசத்தோடு சீமைக் கதை ஒன்றை அவிழ்த்தேன். இங்கிலாந்திலும் நாட்டுப்புற ஆட்டம் பழகுவதற்கென்று சனி, ஞாயிறுகளில் ஒரு கூடத்தில் கூடுவார்கள் என்றும், ஒருவர் நின்றுகொண்டு அடுத்த அடி இன்னதென்று கூவிக் கூவிச் சொல்ல, ஜதை ஜதையாக வரிசை கட்டி ஆடுவார்கள் என்றும், அங்கேயும் வாசிக்கிறவர்கள் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொன்னேன். செசில் ஷார்ப் என்ற சங்கீதக்காரர் 1899 டிசம்பர் 26ஆம் தேதி ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஹெடிங்டன் என்னும் ஊரில், பனி மூடிய தரையில் கிராமத்து ஆட்டக்காரர்கள் ஆடுவதை ஜன்னல் வழியாகக் கண்டு சொக்கிப்போய், அவர்களுக்கு வாசித்த வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரை மறுநாளே வரவழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். 1911இல் ஆட்டம் கற்பிப்பதற்கென்றே ஒரு சங்கம் ஸ்தாபித்தார்.

"கொத்தனாரு என்ன வாசிச்சாரு?" என்றார் பெட்டிக்காரர்.

"கைக்குள் அடங்குகிற ஒரு துருத்திப் பெட்டி."

பெட்டிக்காரர் ஒன்றும் பேசவில்லை. பிளாஸ்திரியை மட்டும் ஒருமுறை அழுத்தி விட்டுக்கொண்டார். மத்தளக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். "ஆட்டத்தைப் பாத்தவன் வாசிச்சவனைத்தான் கூப்பிட்டான், ஆடினவனை இல்லை" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார். சமாதானம் செய்யப் போய் ஒரு கட்சிக்கு ஆயுதம் வழங்கிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்தியார் வெகு நேரம் பாக்கு வெட்டினார்.

"கூவிக் கூவிச் சொல்றானே, அவன் 'அப்படி இல்லை'ன்னு சொல்லுவானா?" என்று கேட்டார் கடைசியாக.

"சொல்வதாகத் தெரியவில்லை."

"பின்ன எப்பிடி ஆட்டம் வரும்?"

ஞாயிற்றுக்கிழமை இரவு முழு ஒத்திகை. தோப்பில் இரண்டு பல்பு. வாத்தியக்காரர்கள் விசிப்பலகையில் வரிசையாக. முகவீணையும் பெட்டியும் தாளமும் மத்தளமும் சேர்ந்து களரி கட்டியதும், வீட்டுக்குள்ளிருந்த கிழவிகளெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திரை பிடிக்க ஓர் ஆள் குறைந்தபடியால் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு முனையை நான் பிடித்தேன். எனக்கு அரை முழ தூரத்தில் கர்ணன் நின்றான்; அவன் கால்கள் நடுங்குவதைச் சலங்கை காட்டிக்கொடுத்தது. பாட்டு முடிந்தது, திரையை விலக்கினோம், பையன் சுழன்றான். மூன்றாவது சுற்றில் வேரொன்று தடுக்கி, ஒரு காலில் தாவி, விழப்போனான். அந்தத் தாவல் தரையைத் தொடுவதற்குள் மத்தளம் அதன்மேல் ஒரு பெருந்தட்டாக இறங்கிற்று. தடுக்கியது தடுக்கலாகத் தெரியவில்லை. கர்ணன் தேரிலிருந்து குதித்தான் என்றே கிழவிகள் ஆரவாரித்தார்கள்.

நான் வாத்தியார் வாயைப் பார்த்தேன். அது திறந்தது, திறந்தபடியே இருந்தது, பிறகு ஒரு வெற்றிலையை உள்ளே அனுப்பி மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை விடியற்காலையில் கர்ணன் வேலைக்குப் போய்விட்டான். டி.வி.எஸ். ஐம்பதில் முன்போலவே மூன்று அடுக்கு ஏறிற்று. "அந்தக் குதியை அப்பிடியே வச்சுக்கச் சொல்லுங்க, நான் சொல்லிக்குடுத்ததுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வாத்தியார் வண்டியைக் கிளப்பினார். பின்னாலிருந்த மத்தளக்காரர், மத்தளம் பைக்கு அடியில் அகப்பட்டுக் கிடந்தபடியால், நேற்றைய அந்தப் பெருந்தட்டை வாத்தியாரின் முதுகிலேயே ஒருமுறை வாசித்துக் காட்டினார். வண்டி பலாமரத்து வளைவில் திரும்புகிற வரையில் நான் வாசலில் நின்றேன். வளைவுக்கு அப்பாலிருந்து, என்ஜின் சத்தத்தையும் மீறிக்கொண்டு, "அப்படி இல்லை" என்று கேட்டது.